நம்பாதவரும் கிறிஸ்தவரும் காதலிக்கும்போது: கேள்வி பதில்

கடவுள் மறுப்பாளர் ஒருவரும் கிறிஸ்தவர் ஒருவரும் காதலித்து மணமுடிக்க விரும்பும்போது எழும் சிக்கல்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். இப்படிப்பட்ட இணையர்களுக்குத் திருமணத்துக்கு முன்னும் பின்னும் சட்ட ஆலோசனை சொல்லிவரும் எங்கள் உறுப்பினர் ஒருவர் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறார். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி (திருச்சி): நான் பெரியார் கொள்கையுள்ள குடும்பத்தில் வளர்ந்தவன். நான் விரும்பும் பெண் கத்தோலிக்கர். "ஒரு முறை திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றுக்கொண்டால் கோயிலில் கல்யாணம் முடிந்துவிடும், அதன் பிறகு உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். நம்பிக்கை இல்லாமல் சடங்குக்காக மட்டும் பெற்றுக்கொள்வதில் என்ன தவறு?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் மிக அதிகமாக வருவது இதுதான். பிற்காலத்தில் மிகுந்த கசப்பை உண்டாக்குவதும் இந்த ஒரு முடிவுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, கத்தோலிக்கத் திருச்சபையே அதை உங்களிடம் கட்டாயமாகக் கேட்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1086ஆம் பிரிவு, கத்தோலிக்கருக்கும் திருமுழுக்குப் பெறாதவருக்கும் இடையிலான மணத்துக்கு ஒரு தடை இருப்பதாகச் சொல்கிறது. அந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்க மறைமாவட்ட ஆயருக்கு அதிகாரமும் உண்டு. விலக்குக் கேட்கும்போது வாக்குறுதி தர வேண்டியவர் அந்தப் பெண்தானே தவிர நீங்கள் அல்ல. தன் விசுவாசத்தை இழக்கும்படியான சூழ்நிலைகளைத் தவிர்ப்பதாகவும், பிறக்கும் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்வதாகவும் அவர் உறுதி கூறுவார். அப்படி அவர் வாக்களித்திருக்கிறார் என்பதை உங்களுக்குத் தெரிவிப்பார்கள். உங்கள் மறுப்புக் கொள்கையைக் கைவிடும்படி அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. பங்குத்தந்தையிடம் "மத வேறுபாட்டுத் தடைக்கு விலக்கு வேண்டும்" என்று நேரடியாகக் கேளுங்கள். விண்ணப்பம் ஆயர் இல்லத்துக்குப் போய்வரச் சிறிது காலம் ஆகும். வழக்கம்போல ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, கோயிலில் வாசிக்கப்படும். மணச் சடங்கு பொதுவாகத் திருப்பலி இல்லாமல், இறைவார்த்தை வழிபாட்டோடு நடக்கும்.

இரண்டாவதாக, வயது வந்தவருக்கான திருமுழுக்கு என்பது தலையில் தண்ணீர் ஊற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, சபையின் முன் நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் "விசுவசிக்கிறேன்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் விரும்பும் பெண்ணுக்கு மிகப் புனிதமான இடத்தில், அவர் கண்முன்னே, நீங்கள் மனமறிந்து பொய் சொல்கிறீர்கள். திருமணம் முடிந்து முதல் சண்டை வரும் நாளில் அது அவர் நினைவுக்கு வரும். உங்கள் நினைவுக்கும் வரும்.

மூன்றாவதாக, இதைப் பலர் யோசிப்பதே இல்லை: நீங்கள் பட்டியல் சாதியில் பிறந்தவராக இருந்தால் அந்தச் சடங்குக்குச் சட்ட விளைவு உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவ வழிபாட்டில் பங்குகொண்டு வருபவர், வேலைக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறிய பெயர் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆவணமாக எடுத்து வைக்கப்படும்.

கேள்வி (ஈரோடு): கோயிலே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சுயமரியாதைத் திருமணம்தான் நடந்திருக்கிறது. எங்களுக்கும் அதே போதுமல்லவா?

பதில்: விழாவாகப் போதும், சட்டப்படி போதாது. அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்கு ஏற்பு அளித்தது. ஆனால் அது அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட இருவருக்கு இடையிலான மணத்துக்கு மட்டுமே பொருந்தும். நீங்கள் நாத்திகராக இருந்தாலும், இந்துக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் சட்டத்தின் கண்ணுக்கு இந்துவே. உங்கள் இணையர் கிறிஸ்தவர். ஒருவர் கிறிஸ்தவராக இருக்கும் மணம் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடக்க வேண்டும், இல்லையென்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடக்க வேண்டும். வெறும் மாலை மாற்றலோடு நின்றுவிட்டால், நாளைக்கு வாரிசுரிமை, ஓய்வூதியம், விசா என்று எது வந்தாலும் திண்டாட்டம்தான்.

சிறப்புத் திருமணச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. யாரும் மதம் மாற வேண்டியதில்லை. உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாட்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். அடுத்த 30 நாட்களுக்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றாலும், வயது, ஏற்கெனவே உயிரோடுள்ள துணை, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை ஆகியவை தொடர்பான ஆட்சேபங்களையே சட்டம் ஏற்கும். பெற்றோருக்கு விருப்பமில்லை என்பது ஆட்சேபமே ஆகாது. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்து உறவினர்கள் திரண்டு வந்துவிடக்கூடிய ஆபத்து உண்மையானது. மிரட்டல் இருந்தால் முன்கூட்டியே வழக்கறிஞரை வைத்துக்கொண்டு காவல்துறையில் மனுக் கொடுத்துவிடுங்கள். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள், மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் முடிய வேண்டும். அன்று மாலையே உங்கள் கொள்கைப்படி மேடை போட்டு, தலைவர்களை அழைத்து, மாலை மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

கேள்வி (நாகர்கோவில்): நான் கிறிஸ்தவப் பெண். அவர் எந்த மதத்தையும் நம்பாதவர். ஆனால் என்னை ஒருநாளும் கேலி செய்ததில்லை. அம்மாவும் அப்பாவும் "அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதே" என்ற வசனத்தைச் சொல்லி அழுகிறார்கள். வேதத்தை மீறுகிறேனோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. விசுவாசம் உங்களுக்கு உயிர் போன்றது என்றால், அதை மதிக்காமல் எடுக்கும் முடிவு நிலைக்காது.

உங்கள் பெற்றோர் சொல்வது 2 கொரிந்தியர் 6:14. அந்த அதிகாரத்தில் திருமணம் என்ற பேச்சே வெளிப்படையாக இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். அவிசுவாசிகளோடு நெருங்கிப் பிணைவது என்றால் திருமணத்தைவிட நெருக்கம் எது என்று மறுதரப்பார் கேட்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான போதகர்கள் உங்கள் பெற்றோரின் பக்கமே நிற்பார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே பவுல் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில், அவிசுவாசியான கணவர் சேர்ந்து வாழச் சம்மதித்தால் மனைவி அவரைவிட்டு விலக வேண்டாம் என்றும், அவர்களுடைய பிள்ளைகள் பரிசுத்தமானவர்களே என்றும் எழுதுகிறார். அது ஏற்கெனவே மணமானவர்களுக்குச் சொன்னதுதான். எனினும் இப்படிப்பட்ட வீட்டை அசுத்தமான வீடாக அவர் பார்க்கவில்லை என்பது தெளிவு. இந்த இரண்டு பகுதிகளையும் பெற்றோரோடு உட்கார்ந்து வாசியுங்கள். நீங்கள் நம்பும் ஒரு போதகரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரை அந்த விவாதத்துக்குள் இழுக்க வேண்டாம். அவர் வேதத்தை மேற்கோள் காட்டி வாதாடினால் வீடு அவரை எதிரியாகத்தான் பார்க்கும்.

ஒன்றை மனம் திறந்து கேட்கிறேன். அதே நண்பர் உங்கள் சாதியிலேயே பிறந்த நாத்திகராக இருந்திருந்தால் வீட்டில் இதே கண்ணீர் வந்திருக்குமா? தென் மாவட்டங்களில் வசனத்தின் பின்னால் சாதி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதனோடு போராடுகிறோம் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வேதவிளக்கம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி (சென்னை): மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். குடும்ப வருமானத்திலிருந்து தசமபாகம் கொடுக்கிறார். என் சம்பளத்திலிருந்து ஏன் போக வேண்டும் என்று கேட்டால் பெரிய சண்டை வருகிறது.

பதில்: உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை உங்கள் ஒப்புதல் இல்லாமல் சபைக்குக் கொடுப்பது முறையல்ல. அவருடைய சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை அவர் கொடுப்பதைத் தடுப்பதும் முறையல்ல. அவருக்குத் தனி வருமானம் இல்லையென்றால், வீட்டுச் செலவு போக இருவருக்கும் சமமான ஒரு தொகையை ஒதுக்கி, அவரவர் பங்கை எதற்குச் செலவழித்தாலும் கேள்வி கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் சம்பளமில்லாத உழைப்பு என்பதால் அந்தத் தொகையை நீங்கள் தரும் சலுகையாக எண்ணாதீர்கள்.

கேள்வி (கோவை): பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று இன்னும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்கிறார்.

பதில்: கல்யாணத்துக்கு முன்பே பேசுங்கள். மற்ற வேறுபாடுகளோடு இரண்டு பெரியவர்கள் எப்படியாவது வாழ்ந்துவிடலாம். ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் பாதி என்று ஒன்று கிடையாது. அவர் கத்தோலிக்கராக இருந்து கோயிலில் மணமுடித்தால், முதல் பதிலில் சொன்ன வாக்குறுதியை அவர் எழுத்தில் கொடுத்திருப்பார். அது உங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அவர் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும். "அது வெறும் படிவம்" என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பேசாமல் இருந்தால், குழந்தை பிறந்த அன்று இருவருமே ஏமாற்றப்பட்டதாக உணர்வீர்கள்.

நான் பார்த்தவரையில் நன்றாக நடக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. குழந்தை தாயோடு ஆலயத்துக்குப் போகிறது, மறைக்கல்வி வகுப்புக்கும் போகிறது. "அப்பா ஏன் வரவில்லை?" என்று கேட்கும்போது "அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை, அம்மாவுக்கு இருக்கிறது" என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். உறுதிபூசுதலோ திடப்படுத்தலோ (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) வரும் வயதில் முடிவைப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறார்கள். திருமுழுக்கே வேண்டாம், வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று முடிவு செய்த வீடுகளும் உண்டு. அங்கே கிறிஸ்தவத் துணை தன் மனத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்பதை மற்றவர் உணர்ந்திருக்க வேண்டும். தாத்தாவோ பாட்டியோ யாருக்கும் தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் திருமுழுக்குக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. "நாங்கள் முடிவு செய்யும்வரை யாரும் எதுவும் செய்ய வேண்டாம்" என்று இரு வீட்டிலும், அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி (தூத்துக்குடி): ஆலயத்தில்தான் மணமுடித்தோம். இப்போது என் கணவர் விசுவாசத்தை இழந்துவிட்டதாகச் சொல்கிறார். "இனி அது கிறிஸ்தவத் திருமணமே இல்லை, விலகிவிடு" என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மையல்ல. உங்கள் திருமணம் முழுமையாகச் செல்லும். 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம், துணை வேறொரு மதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராக இல்லாமல்போவதை மணமுறிவுக்குக் காரணமாகச் சொல்கிறது. நம்பிக்கை இழப்பது இன்னொரு மதத்துக்கு மாறுவது அல்ல. திருச்சபைகளின் பார்வையிலும் பின்னால் வரும் நம்பிக்கையின்மை செல்லுபடியான மணத்தைக் கலைப்பதில்லை. மேலே சொன்ன 1 கொரிந்தியர் 7 உங்கள் நிலைக்கு நேராகவே பொருந்துகிறது.

உங்கள் துக்கத்துக்கு இடம் கொடுங்கள். சேர்ந்து ஜெபித்த ஒருவர் இனி அருகில் அமர மாட்டார் என்பது உண்மையான இழப்பு. ஆனால் அவர் உங்களிடம் அதை ஒளிக்காமல் சொன்னதைக் கவனியுங்கள். பல ஆண்கள் வெளியே சொல்லாமல் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஜெபக்குழுவில் அவர் பெயரைச் சொல்லி மன்றாடச் சொல்லாதீர்கள். அவர் இரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி (வேலூர்): இப்போது நம்பாவிட்டாலும் என் அன்பைப் பார்த்து அவர் ஒருநாள் மாறிவிடுவார் என்று நினைத்து மணமுடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்று இருக்கிற மனிதரோடு வாழச் சம்மதமென்றால் மணமுடியுங்கள். உங்கள் நம்பிக்கை ஒருநாள் தானாக உதிர்ந்துவிடும் என்று அவர் காத்திருந்தால் அவருக்கும் இதுவே பதில்.

கேள்வி (மதுரை): எனக்கு அறுபத்தைந்து வயது, கிறிஸ்தவள். கணவர் நாத்திகர். தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், ஜெபம் எதுவும் கூடாது என்கிறார். எனக்கோ அவருக்காக ஜெபிக்காமல் அனுப்பிவைக்க மனம் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் இடமும் காலியாகத்தான் இருக்கும்.

பதில்: அம்மா, உடல் தானத்துக்கு அவர் கையெழுத்திட்டு வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் கல்லூரிக்குத் தகவல் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் குடும்பத்தினர்தான். அதாவது, அவர் விருப்பம் நிறைவேறுவது உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதை நிறைவேற்றுங்கள். ஆனால் "ஜெபம் கூடாது" என்பது அவர் உடலைச் சுற்றி நடப்பதற்குத்தான் பொருந்தும். ஒப்படைத்த பிறகு, உங்கள் வீட்டிலோ ஆலயத்திலோ உங்கள் ஆறுதலுக்காக நடக்கும் ஜெபத்தை அவர் மறுப்பாரா என்று இப்போதே, அவர் நலமாக இருக்கும்போதே, கேட்டுவிடுங்கள். பெரும்பாலான கணவர்கள் மறுப்பதில்லை. அவர் சொல்லும் பதிலைப் பிள்ளைகள் முன்னிலையில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். அன்றைக்கு வரும் உறவினர்கள் ஒரு பக்கமும் இயக்கத் தோழர்கள் மறுபக்கமும் நின்று உங்கள் பிள்ளைகளை இழுக்காமல் இருக்க அந்தத் தாள் உதவும்.