பாரன் பட்டத்தோடு சந்தை உரிமையும் வருமா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் ‘பாரன்’ என்ற பழைய நிலப்பிரபுப் பட்டம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அந்த ஊரை ‘பர்க் ஆஃப் பாரனி’யாக, அதாவது பாரனுக்கு உட்பட்ட நகராக அறிவித்த பழைய அரச சாசனமும் உண்டு என்று தரகர் சொல்கிறார். பட்டத்தை வாங்கினால் அங்கே வாரச்சந்தை நடத்திச் சுங்கம் வசூலிக்க முடியுமா?

பதில்: பட்டத்தின் பலத்தில் முடியாது. (‘பேரன்’ என்று எழுதினால் உறவுமுறையாகிவிடும் என்பதால் நானும் ‘பாரன்’ என்றே எழுதுகிறேன்.) சாசனம் அசலாகவே இருக்கலாம், அது தந்த அதிகாரம்தான் இன்று இல்லை.

அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவருக்கு, அந்த நிலத்தில் ஒரு நகரை அமைத்துச் சந்தை கூட்டவும், ‘பெய்லி’ எனப்படும் நகர அதிகாரிகளை நியமிக்கவும் இத்தகைய சாசனம் இடமளித்தது. 1488இல் ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ் பெய்ஸ்லி மடத்தின் தலைவர் ஜார்ஜ் ஷாவுக்கு அளித்தது அப்படிப்பட்டதே. வெளிநாட்டு வணிகம் மட்டும் 1672 வரை பெரும்பாலும் அரசருக்கே நேரடியாக உட்பட்ட ‘அரச நகரங்களின்’ ஏகபோகமாக இருந்தது. பாரனுக்குத் தனி நீதிமன்றமும் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைத் தூக்கிலிடும் அளவுக்கு அதன் கை நீண்டிருந்தது.

1746இல் கலோடன் போரில், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகக் கிளர்ந்த ஜாகோபைட்டுகள் தோற்றபின், இந்தப் பரம்பரை நீதி அதிகாரங்களை நாடாளுமன்றம் இழப்பீடு கொடுத்துப் பறித்தது. ஆர்கைல் டியூக் ஒருவருக்கே 21,000 பவுண்டு கிடைத்தது. 1748 மார்ச்சுக்குப் பிறகு குற்ற வழக்கில் பாரனால் முடிந்ததெல்லாம் 20 ஷில்லிங் வரை அபராதம் விதிப்பதும், பகல் வேளையில் மூன்று மணி நேரம் தொழுமரத்தில் மாட்டி வைப்பதும்தான். 1975இல் ‘பர்க்’ என்ற உள்ளாட்சி அமைப்பே ஒழிந்தது. எஞ்சிய நீதி அதிகாரமும் 2004 நவம்பர் 28 அன்று முடிவுக்கு வந்து, பட்டம் நிலத்திலிருந்து பிரிந்து வெறும் கௌரவமாக நின்றது.

ஆகவே நீங்கள் வாங்கப்போவது ஒரு பெயரை; அதோடு ஒரு சாண் நிலமும் தானாக வராது, பிரபுக்கள் சபையில் இடமும் கிடையாது. சந்தை உரிமை தனிச் சொத்தாக உண்டு என்று தரகர் வாதிட்டால், அதற்கான உரிமைப் பத்திரத்தைத் தனியே கேளுங்கள்; அது இருந்தாலும்கூட, தனியார் சந்தை நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர் கவுன்சிலின் உரிமம் தேவைப்படும். பட்டம் கைமாறுவதை அரசு நிலப் பதிவேடு இப்போது பதிவு செய்வதில்லை என்பதால், விற்பவர் வரையிலான பத்திரத் தொடரை, தரகர் பரிந்துரைக்காத ஒரு ஸ்காட்லாந்து வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.