பெயர் கேட்காத பரிசோதனை

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் தையல் கடை நடத்துகிறேன். ரவிக்கை தைக்க வரும் வெளிநாட்டுப் பெண் ஒருவர் பாலியல் தொழில் செய்பவர். நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டதாக அழுதார். கிளினிக்கிற்கு வர மறுக்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, இன்றே அவரை அழைத்துச் செல்லுங்கள். 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாள் விடாமல் உட்கொண்டால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

கிளினிக் படிவத்தில் அடையாள எண்ணுக்கான கட்டம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோன பெண்களை நான் கண்டிருக்கிறேன். உரிமம் பெற்ற பாலியல் தொழில் விடுதிகளில் இருப்போருக்கு முறையான பரிசோதனை உண்டு. வெளியே தனித்து இயங்கும் வெளிநாட்டுப் பெண்களையோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சமும் மருந்துச் செலவும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அது அவர்களுடைய அலட்சியமன்று.

சிங்கப்பூரில் பெயரோ அடையாள எண்ணோ கேட்காத எச்ஐவி பரிசோதனை உண்டு என்று அவரிடம் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சலுகை பரிசோதனைக்கு மட்டுமே. மாத்திரை பெற மருத்துவரிடம் பதிவு செய்யத்தான் வேண்டும். தனியே போகத் தயங்கினால், பாலியல் தொழிலாளர்களுக்காக இயங்கும் புராஜெக்ட் எக்ஸ் அமைப்பை நாடலாம். இன்று எடுக்கும் பரிசோதனையில் நேற்றைய தொற்று தெரியாது என்பதால், மருத்துவர் குறிக்கும் நாளில் மறுபடியும் பரிசோதிக்க நீங்களே நினைவூட்டுங்கள்.