தூங்கிப்போன படம்

அன்புள்ள ஐயா,

இந்த வார இறுதியில் மூன்று பழைய படங்கள் பார்த்தேன். சனிக்கிழமை ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. கடைசியில் பையன் அப்பாவின் கையைப் பிடிக்கும்போது அழுதுவிட்டேன். ஞாயிறு காலை ‘12 ஆங்ரி மென்’. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே அறையில் ஒன்றரை மணி நேரப் பேச்சு. அது நாடகம், சினிமா இல்லை. இரவு ‘டோக்கியோ ஸ்டோரி’. கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்த பாட்டி எழும்போது தலைசுற்றித் தடுமாறியது வரை ஞாபகம் இருக்கிறது, பிறகு தூங்கிவிட்டேன். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் படம் எனக்கு அலுத்தது என்றால், ரசனை கெட்டவன் என்பார்களோ?

வெ.

அன்புள்ள வெ.,

சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். முதல் தடவை அந்தப் படத்தை நான் தூங்காமல்தான் பார்த்தேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தபடி. வெளியே வந்து ‘அற்புதம்’ என்றேன். உங்கள் தூக்கம் அதைவிட யோக்கியமானது.

ஆனால் ‘12 ஆங்ரி மென்’ படத்தை நாடகம் என்றீர்களே, அதற்கு மட்டும் சண்டைக்கு வருவேன். 1954இல் ரெஜினால்ட் ரோஸ் அதைத் தொலைக்காட்சி நாடகமாகத்தான் எழுதினார், அந்தவரை சரி. 1957இல் படமாக எடுத்த சிட்னி லூமெட் முதல் பகுதியில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார். நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு இறக்கினார். கடைசியில் கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்தார். அதுவரை கண்ணில் படாத கூரை தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. லென்ஸையும் போகப்போக நீளமானதாக மாற்றியதால் சுவர்கள் ஆட்களின் முதுகோடு ஒட்டிக்கொள்கின்றன. உங்களுக்கும் புழுங்கியிருக்குமே? மேடையில் அப்படிக் கூரையை இறக்க முடியாது.

‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பற்றி நமக்குள் தகராறில்லை. அப்பாவாக நடித்தவர் நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. அந்த நடையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

ஓசு இயக்கிய ‘டோக்கியோ ஸ்டோரி’ இரண்டேகால் மணி நேரம். அதைப் போய் மூன்றாவதாக, ஞாயிறு இரவில் வைத்திருக்கிறீர்கள்! அவர் கேமரா தரைக்குச் சற்று மேலே உட்கார்ந்துவிட்டால் ஏறக்குறைய அசையாது. அசைவதெல்லாம் மனிதர்கள்தான்: விசிறும் கை, எழும்போது தடுமாறும் ஒரு பாட்டி. தூக்கம் சொக்கிய கண்ணிலும் உங்களுக்கு அது பட்டிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பாட்டி உட்பட. அது என்னவென்பது நீங்கள் தூங்கிய பாதியில் இருக்கிறது, நான் சொல்லப்போவதில்லை. வேறெதுவும் பார்க்காத ஒரு நாளில் அந்தச் சுவரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அப்போதும் அலுத்தால் எழுதுங்கள், அதையும் பிரசுரிக்கிறேன்.