சிறையில் கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வலைத் தகராறில் ஒருவரை அடித்துவிட்டு என் தம்பி மதுரை மத்திய சிறையில் இருக்கிறான். கோபத்தைக் குறைக்கும் வகுப்புக்குக் கூப்பிடுகிறார்களாம். அதில் என்னதான் சொல்லித்தருவார்கள்? (வாசகி, பாம்பன்)

பதில்: "கோபப்படாதே" என்று புத்தி சொல்லும் வகுப்பு இல்லை இது. இந்த வகைப் பயிற்சிகள் பலவற்றுக்கு அடிப்படை, அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ 1975-இல் முன்வைத்த முறை. கோபம் தனக்குள் எப்படி ஏறுகிறது என்று முதலில் அவரவரே கவனிக்கப் பழக வேண்டும்.

நாட்டுப்படகுக்காரர் ராத்திரி விட்ட வலை, விடியும்போது கிழிந்து கிடக்கிறது. விசைப்படகு ஏறிப் போயிருக்கிறது. அதுவரை அது நஷ்டம்தான். "வேணும்னே அறுத்தான்" என்ற நினைப்பு வந்ததும் தாடை இறுகுகிறது, காது சூடேறுகிறது, கை துடுப்பைத் தேடுகிறது. அந்த நினைப்பை அங்கேயே பிடித்து நிறுத்தத்தான் பயிற்சி. யார், எங்கே, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன தெரிந்தது, பத்துக்கு எத்தனை கோபம் என்று நோட்டில் எழுத வைப்பார்கள். அப்புறம் மூச்சை நிதானப்படுத்துவது, இடத்தைவிட்டு நகர்வது, நஷ்டஈட்டைச் சங்கத்தில் வைத்துப் பேசுவது. கடைசியில் ஒருவர் படகு ஓனராக நடித்துச் சீண்டுவார். உங்கள் தம்பி கை ஓங்காமல் பதில் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இந்த நடிப்புப் பயிற்சி இல்லாத வகுப்பு அரை வகுப்புதான்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இத்தகைய பயிற்சிக்குப் பின் மறுபடி வன்முறைக் குற்றத்தில் இறங்குவது 28 சதவீதம் குறைந்தது. முழுதாக முடித்தவர்களிடம் 56 சதவீதம் குறைந்தது. திருந்தும் எண்ணம் உள்ளவர்களே முடித்திருக்கவும் கூடும். இருந்தாலும், மனு பார்க்கப் போகும்போதெல்லாம் பாதியில் விட்டுவிடாதே என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் அண்ணன் விசாரணைக் கைதி. வகுப்பில் சேர்ந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? (வாசகர், தொண்டி)

பதில்: ஆகாது. ஆனால் வழக்கு விவரத்தைக் குழுவில் பேச வேண்டாம். கோபம் வந்த வேறு சம்பவங்களைச் சொன்னாலே போதும். வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீல் இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

கேள்வி: என்னை அடித்துச் சிறைக்குப் போன கணவர், வகுப்பு முடித்துத் திருந்திவிட்டதாகச் சொல்கிறார். சேர்ந்து வாழலாமா? (வாசகி, மண்டபம்)

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. படகு ஓனர் திட்டினால் தலை குனிந்து நிற்பவர், வீட்டில் மட்டும் கை ஓங்கினாரா? அப்படியென்றால் கோபத்தை அடக்கத் தெரியாதவர் இல்லை அவர். உங்களை அடக்கி வைக்க அடித்திருக்கிறார். அதற்குக் கோப வகுப்புச் சான்றிதழ் போதாது. "நீ பேசினதாலதான் அடிச்சேன்" என்று இன்னும் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் எதுவும் மாறவில்லை. குடி இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வீடுகளில் வருமானம் நின்று, ஆளும் வீட்டிலேயே இருப்பார். அந்தச் சமயத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று தள்ளி இருந்தே பாருங்கள். ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: சிறையிலிருந்து வந்த மகன் தூங்குவதில்லை, எல்லோர் மேலும் பாய்கிறான். ஏர்வாடியில் கட்டிவைக்கச் சொல்கிறார்கள் உறவுக்காரர்கள். (வாசகர், கீழக்கரை)

பதில்: கட்டவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கிடந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. தர்காவுக்குப் போய் துஆ செய்யுங்கள், தப்பில்லை. கூடவே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கம் போனதும் பாய்வதும் சிறையில் பட்ட பயத்தாலும் இருக்கலாம், போதைப் பழக்கத்தாலும் இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்று ராத்திரியே பேச வேண்டுமென்றால் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.