வெள்ளைப் பளிங்கில் பதிந்த மாணிக்கப் படிகம் வாங்கினேன். ஒட்டு வேலையா என்று எப்படித் தெரியும்? ஆசிட்டில் போட்டுக் கல்லைத் தனியே எடுக்கலாமா?

தனியே எடுக்காதீர்கள். சுற்றியுள்ள பளிங்கைக் கொஞ்சம் கரைத்துப் படிகத்தை எடுப்பாகத் தெரிய வைக்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன் ஒட்டுக்கல்லா என்று பார்த்துவிடுங்கள்.

பாறை வெள்ளையாக இருப்பதால் சந்தேகம் வேண்டாம். மியான்மரின் மோகோக், வியட்நாமின் லுக் யென், ஆப்கானிஸ்தானின் ஜெக்தலெக் மூன்றிலும் மாணிக்கம் பளிங்கில்தான் விளைகிறது. பார்க்க வேண்டியது கல்லும் பாறையும் சேரும் விளிம்பு. 10 மடங்கு லென்ஸ் போதும். அசலில் பளிங்கின் கால்சைட் (பளிங்கு ஆகியிருக்கும் கனிமம்) மணிகள் படிகத்தை இடைவெளியில்லாமல் கவ்வியிருக்கும். ஒன்றிரண்டு படிகத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். அதே பாறையில் வேறு மூலைகளிலும் கடுகளவு சிவப்புப் புள்ளிகளோ பழுப்பு மைக்காத் தகடுகளோ தென்பட்டால் நல்ல அறிகுறி. ஒட்டு வேலையில் குழி தோண்டிக் கல்லை வைத்து, பளிங்குத் தூளைப் பசையில் குழைத்துச் சுற்றிலும் அப்பியிருப்பார்கள். அந்த வளையம் மட்டும் மாவுபோல மங்கிக் கிடக்கும், உள்ளே ஊசிமுனைக் குமிழிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் சூடான ஊசியை வைத்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். சூப்பர் க்ளூ என்றால் அசிட்டோனில் ஓர் இரவு ஊறினாலே இளகிவிடும். சாயம் ஏற்றிய கல்லாக இருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சில் சிவப்பு ஒட்டும்.

புற ஊதா டார்ச் (365 நானோமீட்டர்) அடித்தால் சிவப்பாக ஒளிர்கிறதே, அப்படியானால் அசல்தானே என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். தவறு. பளிங்கு மாணிக்கத்தில் இரும்பு குறைவு, அதனால் ஒளிரும், உண்மைதான். ஆனால் உலையில் செய்த செயற்கை மாணிக்கம் இன்னும் பளிச்சென்று ஒளிரும். மாணிக்கம்போலவே தெரியும் வேறொரு ரத்தினமான சிவப்பு ஸ்பினலும் ஒளிரும். டார்ச்சின் உண்மையான பயன் வேறு: பசை பல நேரம் நீலம் கலந்த வெள்ளையாக மின்னித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இனிச் சுத்தம். முதலில் எஃகு ஊசி. மோஸ் கடின அளவில் கால்சைட் 3, எஃகு ஏறக்குறைய 5.5, மாணிக்கம் 9. எனவே ஊசி பளிங்கைப் பெயர்க்கும், மாணிக்கத்தைக் கீறாது. கல்லின் மேல் சாம்பல் கோடு விழுந்தால் பதற வேண்டாம். ஊசிதான் அங்கே தேய்ந்திருக்கிறது. ஆசிட்டில் அது போய்விடும்.

ஆசிட் என்றால் ஹைட்ரோகுளோரிக். கடையில் கிடைக்கும் 30 சதவீதச் சரக்கில் ஒரு பங்கை ஒன்பது பங்கு தண்ணீரில் ஊற்றுங்கள். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டப்பா, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், இடம் மொட்டைமாடி. வீட்டுக்குள் வைத்தால் ஆவி பட்டுப் பக்கத்து இரும்புச் சாமான்கள் துருப்பிடிக்கும். இந்தக் கரைசல் 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் கால்சைட்டைத் தின்னும். குமிழி நின்றுவிட்டால் பளிங்கு தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், ஆசிட் தீர்ந்திருக்கும்.

கல்லை முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போடுவது முக்கியம். நுண்துளைகளில் தண்ணீர் நிரம்பியிருந்தால் ஆசிட் ஆழமாக இறங்காது. கரையக் கூடாத அடிப்பகுதிக்கு மெழுகு உருக்கிப் பூசுங்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பாருங்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நுரை பொங்குவது அடங்கும்வரை வைத்து, பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வையுங்கள். அவசரம் இல்லையென்றால் வினிகர் போதும், நாள்கணக்காகும். சிட்ரிக் ஆசிட் வேண்டாம்: கால்சியம் சிட்ரேட் சரியாகக் கரையாமல் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். பளிங்கு டாலமைட் (மக்னீசியம் கலந்த கனிமம்) வகை என்றால் குளிர்ந்த ஆசிட்டில் அவ்வளவாக நுரைக்காது. அதற்காகச் செறிவைக் கூட்டாதீர்கள்.

முழுதாக ஏன் எடுக்கக் கூடாது? இந்தப் படிகங்களில் வெடிப்புகள் அதிகம், வெடிப்புக்குள் கால்சைட் புகுந்திருக்கும். மாணிக்கம் ஆசிட்டில் கரையாது, ஆனால் தாங்கிப் பிடித்திருந்த கால்சைட் கரைந்ததும் கையில் நான்கு துண்டாக வரும். முழுதாகவே வந்தாலும் பெரும்பாலும் பால்போல் மங்கிய கல்தான். பட்டை தீட்ட ஆகாது, குமிழ் வடிவில் மழுக்கத்தான் ஆகும். தாய்ப்பாறையோடு சேர்ந்து அதற்கு இருந்த மாதிரிக்கல் மதிப்பும் அதோடு போச்சு. வெடிப்புகள் இருப்பதால் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் (ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் கருவி) போடாதீர்கள்.

கர்நாடகத்திலிருந்து வரும் பச்சைப் பாறை மாணிக்கத்துக்கு இந்தச் சுத்த வழிகள் எதுவும் பொருந்தாது. அந்தப் பச்சை ஃபுக்சைட் என்ற மைக்கா. ஆசிட் அதைக் கரைக்காது, ஊசியோ ஏடு ஏடாக உரித்துவிடும். மென்மையான பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.