தண்ணீர் போன வழி

வணக்கம்.

ஸ்கேல் மாடல்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இதுவரை டாங்கிகளும் ஜீப்புகளுமே செய்துவந்த நான், முதல்முறையாக 1/35 அளவில் ஒரு தெருமுனை டயோரமா, அதாவது சிறிய காட்சி மாதிரி, செய்திருக்கிறேன். காரை உதிர்ந்த ஒரு மாடி வீடு, பக்கத்தில் தகரக் கூரை போட்ட கடை, முன்னால் நடைபாதை, தார் ரோடு.

வெதரிங்கில், அதாவது பழசாகவும் அழுக்காகவும் காட்டும் வேலையில், எதையும் விடவில்லை. கட்டடம் முழுக்கக் கருப்பும் பழுப்பும் கலந்த வாஷ் (நீர்க்கக் கரைத்த வண்ணம்), விளிம்புகளில் வெள்ளையால் டிரை பிரஷ் (ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் உரசுவது), பஞ்சு வைத்துச் சிப்பிங் (பெயின்ட் உதிர்ந்த தடங்கள்), கடைசியில் பிக்மென்ட் என்ற நிறத் தூள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சரியாகத்தான் வந்திருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் பொம்மை வீட்டைச் சேற்றில் முக்கி எடுத்தது மாதிரி இருக்கிறது. என் மகள் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதைத் துடைக்காம வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

டாங்கிக்குப் பலித்த முறை வீட்டுக்கு ஏன் பலிக்கவில்லை? ரோட்டுக்குக் கருப்பு அடித்தேன், மேசையில் ஓட்டை விழுந்த மாதிரி தெரிகிறது. அதற்கு என்ன நிறம்? எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கவேண்டுமா? சுவரில் போஸ்டர் ஒட்டலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சன்னல் சட்டங்களும் கதவின் பலகைப் பிரிவும் சுத்தமாக வந்திருக்கின்றன. கை வேலையில் குறை இல்லை. உங்கள் மகளின் கேள்விதான் சரியான விமர்சனம். துடைத்தால் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, அதாவது அந்த அழுக்கு நேற்று மேலே வந்து விழுந்ததாகத் தெரிகிறது.

டாங்கி அழுக்கைத் தேடிப் போகிற பொருள். சேற்றில் இறங்குகிறது, புழுதியில் ஓடுகிறது, சில மாதங்களில் எல்லாப் பக்கமும் பூசிக்கொள்கிறது. அதனால் அங்கே மொத்தமாகக் கொடுத்த வாஷ் ஓரளவு மன்னிக்கப்படும். வீடு நகர்வதில்லை. மழை ஒவ்வொரு தடவையும் அதே ஓட்டு நுனியிலிருந்து அதே இடத்தில்தான் சொட்டுகிறது. வெயில் அதே சுவரைத்தான் காய்ச்சுகிறது. கை அதே கதவைத்தான் தள்ளுகிறது. பல வருடங்கள் இப்படியே நடந்தால் சில இடங்கள் மிக மோசமாகவும், பக்கத்திலேயே சில இடங்கள் ஏறக்குறைய கட்டிய நாளில் இருந்த மாதிரியும் ஆகிவிடும். உங்கள் வீட்டில் அந்தச் சுத்தமான இடங்கள் இல்லை.

வாஷ், பிக்மென்ட், சிப்பிங் எல்லாம் வண்ணத்தை எப்படி வைப்பது என்பதற்கான முறைகள். எங்கே வைப்பது என்பதை அவை சொல்லித் தராது. நீங்கள் ஒரு முறையை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிவந்து, பிறகு அடுத்ததை எடுத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கூரையில் விழும் தண்ணீர் தெருவுக்கு எப்படி வந்துசேரும் என்று விரலால் வரைந்து பாருங்கள். பிறகு தூரிகையை எடுங்கள்.

கூரை விளிம்புக்கும் சன்ஷேடுக்கும் நேர் கீழே மழையும் வெயிலும் குறைவு. அங்கே பழைய வண்ணம் கொஞ்சம் அழுத்தமாகவே நிற்கும், மேலே வறண்ட தூசி மட்டும் இருக்கும். சன்னலின் அடிக்கட்டையில் விழும் தண்ணீர் நடுவில் வழிவதைவிட இரண்டு முனைகளில்தான் அதிகம் வழியும். அதனால் கறைக்கோடு அந்த முனைகளிலிருந்து தொடங்கவேண்டும். நீங்கள் சன்னலுக்குக் கீழே சீப்பு போட்டதுபோல் வரிசையாக இழுத்திருக்கிறீர்கள். மழைநீர்க் குழாய் ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதில் ஓர் இணைப்பை மட்டும் ஒழுக விடுங்கள். அந்த இடத்தில் அகலமாக ஒரு கறை, அதன் நடுவில் பாசிப் பச்சை, குழாயைப் பிடித்திருக்கும் ஆணிக்குக் கீழே மெல்லிய துருக்கோடு. அந்த ஒரு பக்கம் போதும், மற்ற சுவரெல்லாம் அமைதியாக இருக்கலாம்.

கீழிருந்து வரும் தண்ணீருக்கு அளவு உண்டு. மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கும் மண் சுமார் 30 செ.மீ. உயரம் வரை சுவரில் படியும். 1/35 அளவில் அது 8 அல்லது 9 மி.மீ. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும், அதாவது உங்கள் மாடலில் 3 செ.மீ.க்குள். நின்ற இடத்தில் உப்புப் பூத்து வெளிறிய ஒரு கோணல் கோடு தெரியும், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது கொண்டுவந்த உப்பை அங்கேதான் விட்டுவிட்டுப் போகிறது. உங்கள் படத்தில் ஈரக்கறை மாடிச் சன்னல்வரை ஏறியிருக்கிறது. உண்மை அளவில் கணக்குப் போட்டால் அது நாலு மீட்டர். வெள்ளம் வந்த வீடு என்றால் சரி, ஆனால் உங்கள் ரோட்டில் வெள்ளம் வந்த அடையாளம் இல்லை.

இந்தக் கறைகளுக்கு ஆயில் பெயின்ட்தான் என் விருப்பம். அக்ரிலிக் அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்தபின் பாதி மினுமினுப்புள்ள வார்னிஷ் ஒரு தடவை அடித்து, அதையும் ஒரு நாள் காயவிடுங்கள். பளபளப்பே இல்லாத மேட் பரப்பு, பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரை உறிஞ்சிக்கொண்டு வட்ட வட்டமாகக் கறை விடும். பிறகு கறை தொடங்கும் இடத்தில் ஊசிமுனை அளவு ஆயில் பெயின்ட் வைத்து, ஒயிட் ஸ்பிரிட் என்ற தின்னரில் தொட்டுத் துணியில் ஒற்றிய தட்டைத் தூரிகையால் நேர் கீழே இழுங்கள். மெதுவாகக் காய்வதுதான் ஆயிலின் வசதி. பிடிக்கவில்லை என்றால் சாப்பிட்டுவிட்டு வந்துகூடத் துடைத்துக்கொள்ளலாம்.

வெள்ளை டிரை பிரஷ் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பெல்ஜியத்தின் மாடல் கலைஞர் பிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்களால் பரவிய பாணியில் அது பெரிய ஆயுதமாக இருந்தது, அச்சுப் படங்களில் நன்றாக எடுபட்டது. கட்டட மூலை உண்மையில் வெளுப்பதில்லை. வண்டி உரசும் உயரத்தில் உடையும், தோள் படும் உயரத்தில் கறுக்கும். அதை டிரை பிரஷ் சொல்லாது. உடைந்த கல்லின் முகத்துக்கு, அடி நிறத்தைவிடக் கொஞ்சமே வெளிறிய சாயலில், லேசாகச் செய்தால் போதும்.

காரை உதிர்ந்த இடங்களுக்கு வருகிறேன், உங்கள் மாடலில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். சுவரின் நடுவில் தீவு தீவாகச் செங்கல் வரைந்திருக்கிறீர்கள். காரைக்குத் தடிமன் உண்டு. 15 மி.மீ. பூச்சு என்றால் 1/35 அளவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண் அதைக் கவனிக்கும். மெல்லிய அட்டையோ புட்டியோ வைத்துக் காரையை உயர்த்தி, உடைந்த விளிம்பைக் கத்தியால் ஒழுங்கில்லாமல் கொத்துங்கள். இடமும் முக்கியம். காரை ஓதம் ஏறும் அடிச்சுவரில் உதிரும், ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் உதிரும், வண்டி இடிக்கும் மூலையில் உதிரும். நன்றாக உலர்ந்த சுவரின் நட்டநடுவில் உதிர ஒரு காரணம் வேண்டும்.

செங்கல் வரிசையின் உயரமும் அதிகம். 65 மி.மீ. உயரச் செங்கலும் 10 மி.மீ. சாந்தும் சேர்ந்தால் 75 மி.மீ., உங்கள் அளவில் அது 2 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். சாந்துக்கோடு 0.3 மி.மீ.தான். வெள்ளைப் பேனாவால் போட்ட கோடு இதைப்போல் மூன்று மடங்கு தடித்திருக்கிறது. முதலில் எல்லாச் செங்கல்லுக்கும் ஒரே நிறம் அடியுங்கள். பிறகு அதற்கு மிக நெருங்கிய இரண்டு மூன்று சாயல்களில் அங்கங்கே சில கற்களைத் தொடுங்கள். சூளையில் அதிகம் வெந்த கல் ஒன்றிரண்டு கறுப்பாக இருக்கட்டும். சாந்துக்கு வெளிறிய சாம்பல் நிறப் பிக்மென்டைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, மேற்பரப்பை விரலால் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் தங்கும்.

தகரக் கூரையில் துரு பஞ்சால் ஒற்றிய மாதிரி பரவலாக இருக்கிறது. துத்தநாகம் பூசிய தகரம் அப்படித் துருப்பிடிப்பதில்லை. வெட்டிய விளிம்பு, ஆணித் துளை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தண்ணீர் தங்கும் இடம், இவற்றில் தொடங்கிப் பள்ளம் வழியாகக் கீழே இறங்கும். கடையின் மரக்கதவு பழுப்பாக இருக்கிறது. வெயில் மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும், மழை அதைக் கழுவிவிடும், மிஞ்சுவது சாம்பல் நிறம். கைப்பிடியைச் சுற்றி மட்டும் எண்ணெய்ப் பிசுக்குப் பழுப்பு. உரிந்த பெயின்ட் வேண்டுமென்றால் அந்தச் சாம்பலின்மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்துக் காயவைத்து, மேலே அக்ரிலிக் வண்ணம் பூசி, அது முழுதாக இறுகும் முன் தண்ணீர் தொட்ட முரட்டுத் தூரிகையால் தேயுங்கள். முதலில் கதவின் கீழ்ப்பாகத்தைத் தேயுங்கள், கால் படுவதும் தண்ணீர் தெறிப்பதும் அங்கேதான்.

ரோட்டுக்கு நிறம் கேட்டிருந்தீர்கள். புதிதாகப் போட்ட தார் மட்டுமே கறுப்பு. நாளாக ஆக மேலே மூடியிருக்கும் தார் வெளுத்துத் தேய்கிறது, உள்ளே இருக்கும் ஜல்லி வெளியே தெரிகிறது, ரோடு நடுத்தரச் சாம்பலாகிறது. தவிர, சிறிய மாடலை நாம் தள்ளி நின்று பார்க்கிற உணர்வோடு பார்க்கிறோம், தூரத்துக் கறுப்பு கறுப்பாகத் தெரியாது. எனவே தூய கறுப்பையும் தூய வெள்ளையையும் இந்த டயோரமாவில் எங்கேயும் நேராகப் பயன்படுத்தாதீர்கள். சாம்பலில் துளி மண்நிறம் கலந்து அடியுங்கள். ஒட்டுப் போட்ட சதுரம் ஒன்று மட்டும் கறுப்பாக இருக்கலாம், அது ரோட்டின் வயதையும் சொல்லிவிடும். உப்புத்தாள் ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், மணல் மிகப் பெரிது. 10 மி.மீ. ஜல்லி உங்கள் அளவில் 0.3 மி.மீ.க்கும் குறைவு.

வண்டி நிற்கும் இடத்தில், இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே, எண்ணெய் சொட்டிய கறுப்புப் புள்ளிகள். சாக்கடை மூடியின் மேடுகள் தேய்ந்து பளபளக்கும், பள்ளங்களில் அழுக்கு தங்கும். ரோடு நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களில் சரிவதால் புழுதியெல்லாம் நடைபாதையின் விளிம்புக்கல்லை ஒட்டிச் சேரும். உங்கள் ரோடு தட்டை. இப்போது அதை வளைக்க முடியாது, ஆனால் புழுதியை ஓரத்தில் சேர்த்தால் பார்ப்பவர் அந்தச் சரிவைத் தானாகவே ஊகித்துக்கொள்வார்.

இன்னொன்று, சுவர் நடைபாதையைத் தொடும் இடத்தில் முடி அளவு இடைவெளி தெரிகிறது. அதை நிரப்பாமல் எவ்வளவு வெதரிங் செய்தாலும் வீடு தெருவில் நிற்காது. புட்டியால் அடைத்து, ரோட்டோரம் போட்ட அதே புழுதி நிறத்தைச் சுவரின் அடியிலும் நிலைப்படியிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள். ஒரு தெருவுக்கு ஒரு மண்தான்.

1940களில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி, துப்பறியும் காவலர்களுக்குப் பயிற்சி தருவதற்காக 1:12 அளவில் மரணம் நடந்த அறைகளைச் செய்தார். அவற்றில் 18 அறைகள் பால்டிமோரில் மரண விசாரணை மருத்துவர் அலுவலகத்தில் இருக்கின்றன. பார்ப்பவர் தடயங்களிலிருந்து என்ன நடந்தது என்று படிக்கவேண்டும் என்பதால், அங்கே ஒரு கறையைச் சும்மா வைக்க வழியே இல்லை. நம் தெருக்களில் யாரும் சாகவேண்டியதில்லை, ஆனால் அந்தக் கண்டிப்பு நமக்கும் உதவும். வைக்கிற ஒவ்வொரு கறையையும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் இல்லாததைத் துடைத்துவிடுங்கள்.

சுரண்டவேண்டாம். வாஷ் எனாமல் (எண்ணெய் சார்ந்த) பெயின்ட் என்றால், அதன்மேல் வார்னிஷ் அடிக்காதபட்சத்தில், ஒயிட் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் கணிசமாக எடுத்துவிடலாம். கீழே அக்ரிலிக் இருப்பதால் அது தாங்கும். சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். வார்னிஷ் அடித்துவிட்டீர்கள் என்றால், சுவரின் அசல் நிறத்தைக் கொஞ்சம் வெளிறவைத்து, நீர்க்கக் கரைத்து, சுத்தமாக இருக்கவேண்டிய இடங்களில் மட்டும் மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள். பழைய அழுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தால் நல்லதுதான். பிக்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. அதன்மேல் வார்னிஷ் வேண்டாம், தூள் ஈரமாகி நிறம் இருண்டு உயிர் போய்விடும். தூளைத் தட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

போஸ்டர் தாராளமாக ஒட்டலாம். அச்சிட்ட தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, நீர்க்கக் கரைத்த வெள்ளைப் பசையில் ஒட்டி, காய்வதற்குள் விரலால் அழுத்திச் சுவரின் மேடு பள்ளம் தாளில் தெரியும்படி செய்யுங்கள். ஒட்டும் முன் ஒரு முடிவு எடுக்கவேண்டும். பழைய போஸ்டர் என்றால் சுவரின் கறைக்கோடு அதன் மேலேயும் இறங்கி ஓடவேண்டும், சிவப்பு வெளுத்திருக்கவேண்டும், ஒரு மூலை கிழிந்திருக்கவேண்டும். நேற்று ஒட்டியது என்றால் கறை தாளின் மேல் விளிம்பில் மறைந்து கீழ் விளிம்பில் மறுபடி தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நன்று.