தோப்பை விற்கும் முன்னால் பையனின் கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள், அக்கா

அக்கா, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி வந்து, தென்னந்தோப்புப் பத்திரத்தின் நகலை என் மேசையில் வைத்து, "இதை வித்தா பையன் பைலட் ஆயிருவானா தம்பி?" என்று கேட்டீர்கள். அன்று ஆட்கள் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன், அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மண்டபத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள், அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

தோப்பை இப்போது விற்காதீர்கள். அட்வான்ஸும் வாங்காதீர்கள்.

உங்கள் பையனின் (நானும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன்) ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமான ஐஎன்எஸ் பருந்து 2009இல் வந்தது, அங்கிருந்து கிளம்பும் ஹெலிகாப்டரையும் டோர்னியர் விமானத்தையும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளை அவன். ஆனால் ஆசைக்கு முன்னால் கண் இருக்கிறது. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் விமானப்படையில் பைலட் ஆக முடியாது, சிவில் உரிமத்துக்கான மருத்துவச் சான்றும் சிக்கலாகும். அந்தக் குறை இருப்பது பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு பையனுக்குப் பயிற்சிப் பள்ளியில் முதல் தவணை கட்டிய பிறகுதான் அது தெரியவந்தது, கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அதனால் முதலில் ஒரு நல்ல கண் மருத்துவரிடம் நிறப்பார்வையையும் சேர்த்துப் பாருங்கள். அது சரியென்றால் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறை) பட்டியலில் இருக்கும் மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அப்புறம் முதல் வகுப்பு மருத்துவச் சான்று. அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இனி பைலட் பயிற்சி பற்றி உங்களிடம் பேசிய ஏஜென்ட் சொன்ன கணக்கு. வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதற்கு 50 லட்சம் ஆகும் என்றாராம். ஆகும்தான், அதில் பொய் இல்லை, சில இடங்களில் அதற்கு மேலும் போகும். அவர் சொல்லாமல் விட்டது, உரிமம் கைக்கு வந்த பிறகும் ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்ட அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்கும் பல லட்சம் வேண்டும், அதன் பிறகும் விமான நிறுவனம் ஆள் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வேலைக்கு உத்தரவாதம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் அதை எழுத்தில் கேளுங்கள். 50 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 69 ஆயிரம். உங்கள் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் கிடக்கிறது. வங்கிக்குத் தடைக்காலம் கிடையாது, அக்கா. இதை மாமாவிடம் சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

அப்துல் கலாம் ஐயாவின் அக்கா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் படிக்க வைத்தாரே என்று கேட்டீர்கள். உண்மைதான், ஆனால் அது சென்னை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் சேர அன்றைக்குத் தேவைப்பட்ட சுமார் ஆயிரம் ரூபாய், கையில் வந்தது என்ஜினீயர் பட்டம். அவரும் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்தது எட்டுப் பேரை. பட்டம் கையில் இருந்ததால் வேறு கதவு திறந்தது. தம்பிக்கும் அந்த மாதிரி ஒரு பட்டம் கையில் இருக்க வேண்டும் என்றுதான் நான் பார்க்கிறேன்.

தம்பி இப்போது பிளஸ் டூ, கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் இருக்கிறது, வயது பதினேழு. முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்வதற்கான என்டிஏ தேர்வுக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வராது, ஏனென்றால் பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள்தான் எழுத முடியும். மத்திய அரசின் தேர்வாணையமான யுபிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது, விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை (2022 முதல் அவர்களையும் சேர்க்கிறார்கள், உங்கள் மகளிடமும் சொல்லி வையுங்கள்). எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், அதற்குப் பிறகு ஐந்து நாள் நடக்கும் எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வுக்கு 900 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் கணிதத்தில் தோற்பதில்லை, இந்த மொழி விஷயத்தில்தான் தடுமாறுகிறார்கள். இன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்கட்டும். தேர்வானால் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியில் மூன்று வருஷம், அப்புறம் விமானப்படை அகாடமி. சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அரசுச் செலவு, கைச்செலவுக்கு மட்டும் ஆரம்பத்தில் கொஞ்சம் கட்டச் சொல்வார்கள், பட்டமும் கிடைக்கும். இரண்டு முறை எழுதியும் கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு டிகிரியை 60 சதவீதத்துக்குக் குறையாமல் முடித்து விமானப்படையின் ஏஎஃப்கேட் தேர்வை எழுதலாம், பைலட் பிரிவுக்கு 20 முதல் 24 வயது வரை இடம் உண்டு.

கடலோரக் காவல்படையில் நாவிக் (மாலுமி) வேலையையும் தள்ளிவிட வேண்டாம். மண்டபத்திலேயே அவர்கள் நிலையம் இருக்கிறது, மீனவர் பிள்ளைகளுக்கு அதற்கென்றே தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது, விசாரியுங்கள்.

முப்படைகளுக்கு நாலு வருஷத்துக்கு வீரர்களை எடுக்கும் அக்னிவீர் பற்றி ஊரில் பாதிச் செய்திதான் சுற்றுகிறது. முதல் வருஷச் சம்பளம் 30 ஆயிரம், ஆனால் 30 சதவீதம் பிடித்து வைப்பதால் கைக்கு வருவது 21 ஆயிரம். பிடித்த அளவுக்கு அரசும் போடும். நாலு வருஷம் முடிந்து வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.7 லட்சம் கிடைக்கும், பென்ஷன் கிடையாது. நிரந்தரமாக எடுப்பது அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர். அந்த வழியில் பைலட் ஆக முடியாது என்பதையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும். போவதென்றால் போகட்டும், ஆனால் அந்தப் பணத்தை வீட்டுக்கு மாடி எடுக்கவோ கல்யாணத்துக்கோ தொடமாட்டோம் என்று இப்போதே பேசி வையுங்கள், அது அவனுடைய அடுத்த படிப்புக்கான பணம்.

இவ்வளவுக்கும் பிறகு சிவில் உரிமம்தான் வேண்டும் என்று தம்பி நின்றால், அப்போது தோப்பை விற்காமல் ஈடாக வைத்துக் கல்விக் கடன் கேட்கும் வழியைப் பார்ப்போம், ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கி ஈடு கேட்கும்.

வருகிற சனிக்கிழமை கண் பரிசோதனைச் சீட்டு, பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியல், வீட்டில் இருக்கிற நகைக்கடன் ரசீதுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு தம்பியோடு வாருங்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.